மரியாதையான கிருமி

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்க பஸ் நின்றபோது ஒரு வாசனை மூக்கில் ஏறியது. இந்தக் கதைக்கு அதைத் தவிர வேறு மூலதனம் இல்லை. கதாநாயகர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், ஒருவரையும் கண்ணால் பார்க்க முடியாது.

முதல் வரி: கல்வராயன் மலையில் மேகங்கள் தவழ்ந்து—

(வேண்டாம். மேகம் தவழ்ந்தால் பரிசு கிடைக்கும், கதை கிடைக்காது.)

2
நேராகவே வருகிறேன். அந்த மலையில் வெள்ளிமலை ஊர்க்காரி செவ்வந்தி, நுண்ணுயிரியல் படித்தவள். பன்றிக்கறியை அரைத்து, பாக்டீரியா கலந்து, குடலில் அடைத்து, புளிக்கவைத்துக் காயவைத்து சாசேஜ் செய்கிறாள். கேட்ட கடையெல்லாம் கைவிரித்துவிட்டது. மிச்சம் தாய்மாமன் ராசு. உளுந்தூர்பேட்டையில் அவருடைய ஓட்டலின் பெயர் 'இன்டர்நேஷனல்'. (வெளிநாட்டுத் தொடர்பு: புதுச்சேரி வண்டிகள் நிற்கும்.)

மாமா ஒரு துண்டை முகர்ந்தார்.

"இன்னாம்மா, வெண்ண ஜாஸ்தி போட்டுட்டியா?"

"ஒரு துளி போடல மாமா. எல்லாம் பாக்டீரியா வேல. ஒண்ணு புளிப்பக் குடுக்குது. இன்னொண்ணு கறிய ஒடச்சிக்கினே வெண்ண, வறுத்த கடலன்னு வாசனயா வுடுது."

"கிருமியா! என் ஓட்டல்லயா?"

"தயிர்லயும் அதான மாமா கீது?"

"தயிர்ல கீறது மரியாதையான கிருமி."

(இங்கே டையசெட்டில் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அந்த வெண்ணெய் வாசனையின் பெயர் அது. பெயர் தெரிந்ததும் வாசனை கூடவில்லை, நான்தான் கொஞ்சம் உயரமானேன்.)

3
பாக்டீரியா கலக்காத துண்டையும் நீட்டினாள். மாமா முகம் சுளித்தார். "வெறும் கறி, உப்பு. இதுல இன்னா கீது?" கை தானாக முதல் துண்டு இருந்த தட்டுக்குப் போனது. மென்றபடியே தீர்ப்பு வந்தது.

"சரி, தெனம் அனுப்பு. ஆனா கிருமிப் பேச்சே வரக்கூடாது. ராசுவோட ரகசிய மசாலான்னு போர்டு வெக்கறேன், எம் போட்டோவோட."

"அதுல மசாலாவே இல்லியே மாமா!"

"அதனாலதாம்மா ரகசியம்."

இவரையும் விட்டால் வாங்க ஆளில்லை. சரி என்றாலோ, அவள் வளர்த்த அத்தனை உயிரும், அவளும்—

(இந்த வாக்கியம் அழப் பார்க்கிறது. நிறுத்திவிட்டேன்.)

4
முடிவு அ: ஒப்புக்கொள்கிறாள். போர்டில் மாமா சிரிக்கிறார், சாசேஜ் பறக்கிறது.

முடிவு ஆ: பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப கள்ளக்குறிச்சி பஸ் ஏறுகிறாள். "யாருப்பா வண்டியில வெண்ண காச்சறது?" என்கிறார் கண்டக்டர். "பாக்டீரியா" என்கிறாள், சத்தமாக.

என்னைக் கேட்டால் அ. அவள் வளர்த்ததை எழுதிவிட்டு, தலைப்புக்குக் கீழே என் பெயரைப் போட்டுக்கொள்ளும் ஆள் நான். மாமா பக்கம் சாயாமல் எப்படி இருப்பேன்? ஆகவே முடிவை என்னிடம் விடாதீர்கள்.

செவ்வந்தி வாயைத் திறந்துவிட்டாள். என்ன சொல்கிறாள்? சீக்கிரம் சொல்லுங்கள். தட்டில் ஒரு துண்டுதான் மிச்சம், மாமாவின் கை நீள்கிறது.