வழியில் நின்ற அண்ணன்

காலையில் நான் சைட்டுக்கு வந்தபோது, ஆட்கள் நடப்பதற்காக விட்டிருந்த இடைவெளியில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையையும் கூப்பி, பல் தெரியச் சிரித்து, என்னைப் போல் இரண்டு மடங்கு உயரத்தில். வெள்ளைச் சட்டை, கழுத்தில் கனத்த சங்கிலி, தலைக்குப் பின்னால் ஒரு சூரியன். காலடியில் வாழ்த்துபவர்களின் முகங்கள் பாஸ்போர்ட் சைஸில் வரிசையாக இருந்தன. ஃபிளெக்ஸை மரச்சட்டத்தில் அடித்து, இடைவெளிக்கு இரண்டு பக்கமும் நின்ற இரும்புத் தூண்களில் கட்டுக்கம்பியால் முறுக்கி இறுக்கியிருந்தார்கள். ஒரு பூனை நுழையக்கூட இடமில்லை.

அந்தத் தூண்கள் நான் கேட்டு வாங்கியவை. அதுதான் முதலில் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. ஃபிளெக்ஸ் கட்ட வந்தவனுக்குக் குழி தோண்டுகிற வேலையைக்கூட நான் மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கிறேன்.

என் வேலை என்னவென்று சொன்னால்தான் இந்த எரிச்சல் விளங்கும். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் இந்தச் சாலையைத் தோண்டிக் கான்கிரீட் போடுகிறார்கள். தோண்டி முடிக்கும்வரை வண்டிகள் எந்தப் பக்கம் போக வேண்டும், எந்தத் தெருவை ஒருவழி ஆக்க வேண்டும், தகரத் தடுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும், ஆட்கள் எங்கே குறுக்கே நடக்க வேண்டும் என்று கான்ட்ராக்டருக்கு வரைந்து கொடுப்பது எங்கள் ஆபீஸ். வரைவது நான். ஊரில் எந்த பஸ் சுற்றிக்கொண்டு போனாலும், மர்ஃபி டவுனில் என் அம்மா தட்டை வைத்தபடியே "உங்க ஆளுங்க வேலைதானே" என்பாள். இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்து, இப்போதெல்லாம் ஆமாம் என்றே சொல்லிவிடுகிறேன்.

சாலையில் பாதியைத் தோண்டி, மீதிப் பாதியில் வண்டி விட்டிருக்கிறார்கள். நடுவில் நீளத்துக்கும் தகரம். தோண்டிய பக்கத்து வீட்டுக்காரர்கள் எதிர்ப்பக்கம் போக வேண்டுமானால், பள்ளத்தின் மேல் போட்ட இரும்புத் தகட்டைத் தாண்டி, தகரத்தில் விட்ட இடைவெளி வழியாக வர வேண்டும். வரைபடத்தில் அந்த இடைவெளி ஓர் அரிசி அளவு. அந்த அரிசிக்காக நான் போட்ட சண்டை கொஞ்சமல்ல. தகரம் முழுசு முழுசாகத்தான் வரும், வெட்டினால் வீணாகும் என்றார்கள் கான்ட்ராக்டரின் ஆட்கள். மிக்ஸர் லாரி திரும்ப இடம் போதாது என்றார்கள். ஆறு ஆள் நடக்கிற வழிக்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்றும் கேட்டார்கள்.

ஆறு ஆள்தான். அதில் இரண்டு பேர் தேசிகனும் அவர் மனைவி சுப்புலக்ஷ்மியும். அவர்கள் வீடு தோண்டிய பக்கம். அந்த அம்மாளுக்கு வாரம் மூன்று முறை ரத்தம் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் மையம் நேர் எதிர்ப்பக்கம். அதற்காகவே இந்த வீட்டுக்குக் குடி வந்தவர்கள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தெருவைத் தாண்டினால் மையத்தின் வாசல். போன மாதம் இடைவெளியே விடாமல் தகரம் அடித்தபோது அந்த அம்மாளுக்கு ஒரு முறை தவறிப்போனது. கால் வீங்கி, மூச்சுத் திணறி, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துத் திரும்பினார்கள். அதற்குப் பிறகுதான் தகரத்தை வெட்ட வைத்தேன். தூணும் தகடும் வந்தன. "இனிமே மூட மாட்டாங்க சார். நான் பாத்துக்கறேன்" என்று தேசிகனிடம் நானே வாயை விட்டேன். அவர் என் பெயரைக் கேட்டார். சங்கமித்ரா என்றதும் "பெங்காலியா நீ?" என்றார். "தமிழ்தான் சார். மர்ஃபி டவுன்" என்றேன். "ஓ" என்றார். பேட்டையின் பெயரிலிருந்து சாதியைக் கணக்குப் போடும் அந்த "ஓ" எனக்குப் பழக்கமானதுதான். அதை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் வாக்குக் கொடுத்தேன்.

இப்போது ஃபிளெக்ஸுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"யாரும்மா அது, சங்கமித்ராவா? நேத்திக்குத் தொறந்திருந்ததே."

"இதோ எடுத்துர்றோம் சார். ஒரு அஞ்சு நிமிஷம்."

"இவளுக்கு இன்னிக்கு முறை. லேட்டானா மெஷினை அடுத்தவாளுக்குக் குடுத்துடுவா."

தெரியும் என்று சொல்லிவிட்டு சைட் இன்ஜினியரைத் தேடினேன். பாலகுமார் கிருஷ்ணகிரிக்காரர். கெட்டவர் இல்லை. எந்தப் பிரச்சினை வந்தாலும் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிவார், அவ்வளவுதான். இப்போதும் கழற்றினார்.

"காலையில வந்து பாத்தா நிக்கிறாரு மேடம். நான் என்ன பண்ண? அதுல கை வச்சா நாளைக்கு என் லாரி ஒண்ணும் இந்தத் தெருவுல நுழையாது."

"அங்க பேஷன்ட் நிக்கிறாங்க, பாலகுமார்."

"தெரியுது மேடம். நீங்க மேலிடத்துல சொல்லி எடுக்க வைங்க. நான் தடுக்க மாட்டேன்."

மேலிடத்துக்கு போன் போட்டேன். வார்டு ஆபீஸில் எடுத்தவர் கன்னடத்தில் பொறுமையாக விளக்கினார். நகரத்தில் ஃபிளெக்ஸ் வைக்கத் தடை இருக்கிறது. ஆகவே அவர்கள் யாருக்கும் அனுமதி கொடுப்பதில்லை. அனுமதி கொடுக்காததால் அவர்கள் கணக்கில் அங்கே ஃபிளெக்ஸ் இல்லை. இல்லாததை எடுக்க ஆள் அனுப்ப முடியாது. எழுத்தில் புகார் கொடுத்தால், வந்து பார்த்து, இருக்கிறதா என்று முடிவு செய்வார்கள். நான் அண்ணனின் மூக்குக்குக் கீழே நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். டிராஃபிக் ஸ்டேஷனில், தடுப்பு சாய்ந்தால் தங்கள் பொறுப்பு, தடுப்பில் யாராவது எதையாவது கட்டினால் அது வேறு டிபார்ட்மென்ட் என்றார்கள். கடைசியாக எங்கள் முதலாளி நாராயணசாமி சாரைக் கூப்பிட்டேன்.

"பிளான்ல கேப் காட்டியிருக்கமா?" என்றார்.

"காட்டியிருக்கோம் சார்."

"அப்ரூவல் ஆச்சா?"

"ஆச்சு சார்."

"அப்புறம் என்னம்மா? நம்ம வேலை முடிஞ்சுது. நீ எதுக்கு வெயில்ல நிக்கிற, ஆபீசுக்கு வா."

போனை வைத்துவிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வரைபடத்தில் வழி இருக்கிறது. அனுமதியில் வழி இருக்கிறது. ஃபிளெக்ஸோ எந்தக் காகிதத்திலும் இல்லை. காகிதத்தில் இருப்பதை எல்லாம் வைத்துப் பார்த்தால் சுப்புலக்ஷ்மி அம்மாள் இந்நேரம் மையத்தில் படுத்திருக்க வேண்டும்.

ஃபிளெக்ஸின் அடியில் ஒரு போன் நம்பர் இருந்தது. சுனில், இளைஞர் அணி. அடித்ததும் எடுத்தான்.

"அக்கா, அண்ணனோட ஹுட்டுஹப்பா ஞாயித்துக்கிழமை. பொறந்த நாளுக்கு ஒரு ஃபிளெக்ஸ் கூட வைக்கக் கூடாதா? ஞாயிறு ராத்திரி நானே அவுத்துர்றேன்."

"அது ஆளுங்க நடக்கற வழி, சுனில். ஆஸ்பத்திரிக்குப் போறவங்க."

"அந்தப் பக்கம் சுத்திப் போகச் சொல்லுங்க அக்கா. டைவர்ஷன் போட்டிருக்கீங்களே, எதுக்கு?"

அந்த டைவர்ஷனைத்தான் தேசிகன் போன மாதம் முயன்று பார்த்தார். நடைபாதையில் கேபிளுக்காகக் கல்லைப் பெயர்த்துப் போட்டிருந்ததால் நாற்காலி போகவில்லை. மனைவியைப் பின்தெரு வரைக்கும் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றினார்கள். அந்த ஆட்டோ, நான் ஒருவழியாக்கிய தெருக்களில், நான் திருப்பிவிட்ட பஸ்களுக்குப் பின்னால் நின்று நின்று போய்ச் சேர்வதற்குள் மெஷின் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. எதிர்ப்பக்கம் போக ஊரைச் சுற்ற வைத்தது வேறு யாருமில்லை, நான்தான்.

"சங்கமித்ரா," என்றது ஃபிளெக்ஸுக்குப் பின்னாலிருந்த குரல். "அங்கேர்ந்து போன் பண்ணிட்டாம்மா. இன்னும் கொஞ்ச நேரம்தான் பாப்பாளாம்."

நான் பாலகுமாரிடம் கையை நீட்டினேன். "உங்க பசங்ககிட்ட கட்டர் இருக்கும். குடுங்க."

அவர் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். பிறகு டூல் பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு, "நான் டீ குடிக்கப் போறேன் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கம்பி கட்டிக்கொண்டிருந்த பையன்களும் அவர் பின்னாலேயே போனார்கள். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் டீ தேவைப்பட்டது.

கட்டுக்கம்பியை அறுக்கத்தான் பார்த்தேன். ஆனால் சட்டத்தின் கனம் நான் ஒருத்தி தாங்குகிற கனமில்லை. அறுத்தால் பின்னால் நிற்கிறவர்கள் மேல் விழும். ஆகவே ஃபிளெக்ஸையே வெட்டினேன். கை எட்டிய உயரத்தில், அண்ணனின் கூப்பிய கைகளுக்கு நடுவே தொடங்கி, நேராகக் கீழே. அடியில் குறுக்குக் கட்டை இல்லாமல் சட்டம் அடித்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. என் தோளுயரத்தில் குறுக்கே ஒரு வெட்டு. திரைச்சீலை மாதிரி இரண்டாக விலகியது. மனசுக்குள் பயம் இருந்தது என்றாலும், வெட்டும்போது நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

தேசிகன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தகட்டின் மேல் வந்தார். சுப்புலக்ஷ்மி அம்மாள் முகம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. தொங்கிய ஃபிளெக்ஸை விரலால் விலக்கி, அதில் இருந்த அரைக் கையைப் பார்த்தார்.

"ஏன்னா, யார் இது?"

"யாரோ. பேசாம வா."

"நம்மாத்துக் கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ பெரிய படம் எடுக்கலை" என்றார் அந்த அம்மாள்.

நிறுத்தும் பலகை பிடிக்கிற எல்லம்மா சாலையில் இறங்கி வண்டிகளை நிறுத்தினாள். அவர்கள் தாண்டினார்கள். மையத்தின் வாசலில் ஏறும்போது தேசிகன் திரும்பி என்னைப் பார்த்தார். எதிரே டீக்கடையில் ஒருவன் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த அரை மணியில் சுனில் கூப்பிட்டான். குரலில் அக்கா போயிருந்தது.

"யாருங்க வெட்டினது?"

"நான்தான்."

"புதுசு அடிக்கக் குடுத்தாச்சு. சாயந்திரம் வரும். இதைவிடப் பெரிசு. அதுல கை வச்சா அப்புறம் பேச்சு ஸ்டேஷன்லதான்."

நாராயணசாமி சாரும் கூப்பிட்டார். படம் அவருக்கும் போயிருந்தது. இன்றைக்கே ஆபீசுக்கு வந்து விளக்கம் எழுதித் தரச் சொன்னார். வருகிறேன் சார், ஆனால் இப்போது இல்லை என்றேன். மையத்துக்குப் போனவர்கள் அதே வழியாகத்தான் திரும்ப வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. வரைபடத்தில் அம்புக்குறி ஒரு பக்கம் மட்டும் போட்டால் போதும், மனிதர்களுக்குப் போதாது. டயாலிசிஸ் முடிந்தும் சாயந்திரம் வரை அங்கேயே படுக்க வைத்துத்தான் அனுப்புவார்கள், வெளியே வரும்போதும் அந்த அம்மாளுக்குத் தலைகூட நிற்காது என்று தேசிகன் முன்பே சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் வழி மூடியிருந்தால், வீட்டைப் பார்த்தபடி ரோட்டில் உட்கார வேண்டியதுதான்.

ஆகவே நின்றேன். மதியத்துக்கு எல்லம்மா அவள் டப்பாவிலிருந்து பாதிச் சித்திரான்னம் கொடுத்தாள். பாலகுமார் வந்து, கிழிந்த அண்ணனைப் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போங்க மேடம், உங்களுக்கு எதுக்கு வம்பு" என்றார். எனக்கும் அதுதான் தெரியவில்லை. ஆறு ஆளுக்கு வழி விடு என்று கேட்டதற்கு ஒரு ஆள் நாள் முழுக்க வழியிலேயே நிற்க வேண்டும் என்றால், இது என்ன வேலை, என்ன படிப்பு. நினைக்க நினைக்க எரிந்தது.

சாயந்திரம் லேபர் ஷெட்டுக்குப் போகும் வண்டி ஹாரன் அடித்தது. எல்லம்மா தயங்கினாள். அதை விட்டால் அவளுக்கு வேறு வண்டி இல்லை. நிறுத்தும் பலகையை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். ஆபீஸ் விடும் நேரம், வண்டிகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு வந்தன.

அப்போதுதான் தோண்டிய பக்கத்தில், வீடுகளை ஒட்டி, ஒரு சட்டத்தைப் படுக்கைவாட்டில் தூக்கிக்கொண்டு நான்கு பையன்கள் வருவது தெரிந்தது. பிரிக்காத பிளாஸ்டிக்குக்கு உள்ளே சூரியன் பளபளத்தது. முன்னால் சுனிலாகத்தான் இருக்க வேண்டும், ஒரு கையில் கட்டுக்கம்பிச் சுருள். அதே நேரம் எதிர்ப்பக்கம் மையத்தின் கதவு திறந்தது. முதலில் நாற்காலியின் சின்னச் சக்கரங்கள், பிறகு தேசிகனின் வேட்டி. சுப்புலக்ஷ்மி அம்மாளின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

நடப்பவருக்கு இவ்வளவு வேகம், நாற்காலிக்கு இவ்வளவு என்று எங்கள் புத்தகத்தில் இருக்கிறது. ஃபிளெக்ஸ் சுமப்பவர்களின் வேகம் எதிலும் இல்லை. ஆனால் ஒன்று கணக்குப் போடாமலே விளங்கியது. இடைவெளியை விட்டு நான் சாலையில் இறங்கினால்தான் வண்டிகள் நிற்கும். இறங்கினால் இங்கே புதுச் சட்டத்தை வைத்துவிடுவார்கள்.

தேசிகன் சாலை ஓரத்தில் நாற்காலியை நிறுத்தி என்னையே பார்த்தார். நான் தோளைத் தூணில் கொடுத்து, ஒரு காலைத் தகட்டின் மேல் ஊன்றி, மற்றக் காலைச் சாலையில் வைத்து, பலகையைக் கை எட்டும் மட்டும் நீட்டினேன். ஒரு தண்ணீர் லாரி என் விரலுக்குப் பக்கத்தில் வந்து பிரேக் அடித்து நின்றது. அதன் பின்னால் ஹாரன்கள் தொடங்கின. நாற்காலியின் முன்சக்கரம் சாலையில் இறங்கியது. "சட்டம் வைக்கணும், தள்ளிக்குங்க" என்று யாரோ என் பின்னால் சொன்னார்கள். மரச்சட்டத்தின் முனை என் முதுகில் வந்து இடித்தது. நான் கையை இறக்கவில்லை.