பசை வைக்காத ஜாயின்ட்

விராலிமலையில் சிவபிரகாஷ் கட்டிய வீட்டில் ஒவ்வொரு செங்கலும் அவன் கண்ணெதிரே வைக்கப்பட்டது. எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வான். அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்துகிறவன், வீடு கட்டிய எட்டு மாதத்தில் தன்னை இன்ஜினியராக்கிக்கொண்டான்.

குடியேறிய மறுவருஷம், ஹாலில் டி.வி. மாட்டிய சுவரில் சீலிங்கை ஒட்டி ஒரு கறை வந்தது.

"தரையிலேர்ந்து ஓதம் ஏறுது" என்றான்.

"தரை ஓதம் கீழதானங்க மொதல்ல தெரியும்? இது உச்சியில இருக்கு. மாடி பாத்ரூம் பைப்பு இந்தச் செவுத்துக்குள்ளதான எறங்குது?" என்று கேட்டாள் அவன் மனைவி வனிதா.

"ஒனக்கு என்னடி தெரியும்? டீச்சருன்னா பாடத்தை மட்டும் நடத்து."

பெயின்ட் அடித்தான். கறை திரும்பி வந்தது. விலை கூடிய பெயின்ட் அடித்தான். கறைக்கு விலை தெரியவில்லை. கடைசியில் கருங்கல் மாதிரி தெரியும் டைல்ஸைச் சுவர் முழுக்க ஒட்டி, பிரச்சினை தீர்ந்தது என்று அறிவித்தான். நாலே மாதத்தில் டைல்ஸ் இடுக்கில் அழுக்குத் தண்ணீர் கசிந்து, ஹாலில் சாக்கடை நாற்றம் குடியேறியது. அதற்கு அவன் வாங்கி வந்தது மல்லிகைப்பூ வாசனை ஸ்ப்ரே.

ஸ்ப்ரேயைப் பார்த்த அன்று, வனிதா அவனிடம் கேட்காமலே செல்வராணிக்கு போன் செய்தாள். செல்வராணி அடிபம்பு ரிப்பேரில் தொடங்கி இருபது வருஷமாகப் பிளம்பர் வேலை பார்ப்பவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும், "இங்கிட்டு ஆம்பளை பிளம்பரே இல்லையா?" என்று, அவள் காதில் விழும்படியாகவே மனைவியிடம் கேட்டான் சிவபிரகாஷ்.

செல்வராணி அவனை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "மாடியில குளிச்சா மட்டும் கசியுதா, எப்பவும் கசியுதாங்க?" என்று வனிதாவிடம் கேட்டாள்.

"குளிச்சாத்தாங்க்கா."

"அப்ப வெளிய போற பைப்புதான்."

ஒரு வாளித் தண்ணீரில் சொட்டுநீலத்தைக் கலந்து மாடி பாத்ரூம் ஓட்டையில் ஊற்றினாள். கீழே வந்து மூவரும் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். முக்கால் மணி நேரத்தில் டைல்ஸ் இடுக்கில் நீலமாக ஒரு கோடு இறங்கியது.

"தரை ஓதம் நீலக் கலர்ல வருது சார்" என்றாள் செல்வராணி.

நாலு டைல்ஸை உடைக்க வேண்டியிருந்தது. சிவபிரகாஷ் அருகிலேயே நின்று, உளி பிடிக்கும் விதம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஆணி அடித்தால் விரலில் அடித்துக்கொள்கிறவன். பூச்சைக் கொத்தி எடுத்ததும் பைப் தெரிந்தது. செல்வராணி ஜாயின்ட்டைப் பிடித்து இரண்டு விரலால் அசைத்தாள். கையோடு கழன்று வந்தது.

"வனிதா, இங்க பாருங்க. அளவுக்குப் போட்ட பென்சில் கோடு கூட அழியல. சும்மா சொருகிப் பாத்துருக்காங்க. பசை வைக்கிறதுக்குள்ள யாரோ அவசரப்பட்டுப் பூசிட்டாங்க."

வனிதாவுக்கு யாரென்று தெரியும். கிரகப்பிரவேசத்துக்கு ஐந்து நாள் இருக்கையில், பழைய பிளம்பர் ஜெரால்டு, "சார், இன்னும் ஒட்டல, தண்ணி விட்டுப் பாத்துட்டுப் பூசலாம்" என்று கெஞ்சினான். 'எனக்கே சொல்லித் தர்றியா' என்று அவனை விரட்டிவிட்டு, அன்றைக்கே பூசச் சொன்னவர் இதோ பக்கத்தில் நிற்கிறார். அவள் கணவனைப் பார்த்தாள். அவன் சீலிங் ஃபேனைப் பார்த்தான்.

செல்வராணி கெட்டுப்போன துண்டை அறுத்தெடுத்தாள். ஈரத்தைத் துடைத்துக் காயவைத்து, பசை தடவி, புதுத் துண்டைப் பொருத்தி இறுக்கிப் பிடித்தாள். "நாளைக்குக் காலையில வாரேன். பைப்பை அடைச்சுத் தண்ணி நிரப்பிப் பாத்துட்டு மூடிக்கலாம்" என்றாள்.

"நாளைக்கா? சாயங்காலம் எங்க ஆபீசர் குடும்பத்தோட வாராரு. இப்பவே மூடு."

செல்வராணி வனிதாவைப் பார்த்தாள். வனிதா ஒரு நாற்காலியை இழுத்து, உடைந்த சுவருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

"மூட வேண்டாங்க்கா. நீங்க போயிட்டு நாளைக்கு வாங்க."

"வனிதா, ஆபீசர் வர்றாருங்கிறேன்."

"வரட்டும். நீங்க கட்டுன அழகையும் பாத்துட்டுப் போகட்டும்."

இத்தனை வருஷத்தில் அவள் இந்தக் குரலில் பேசி அவன் கேட்டதில்லை. நாற்காலியிலிருந்து அவளை எழுப்பிவிடவும் துணியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மறுநாள் சொட்டுக்கூடக் கசியவில்லை. செல்வராணி சுவரை மூடினாள். அதே நிறத்தில் டைல்ஸ் கிடைக்காததால் நாலு மட்டும் வெளிறித் தெரிந்தன.

அடுத்த வாரம் அவனுடைய சித்தப்பா மகன் வசந்த் வந்தபோது அது கண்ணில் பட்டது. "அதுவா? ஒரு பொம்பளையக் கூட்டியாந்து வேலை பாத்தா இப்படித்தான். ஜாயின்ட்டுல கசியுதுன்னு நாந்தான் கண்டுபிடிச்சேன்" என்றான் சிவபிரகாஷ்.

காபியை நீட்டிக்கொண்டிருந்த வனிதாவுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படும் அளவுக்கு அவனிடம் எதுவும் மிச்சமில்லை என்று தோன்றியது.

"எங்க வீட்டுலயும் கிச்சன் செவுரு நனையுது அண்ணி" என்றான் வசந்த்.

"செல்வராணின்னு ஒருத்தவங்க இருக்காங்க. நம்பர் எழுதிக்கங்க" என்றாள் வனிதா.