பதினாறாம் அறையின் மேற்குச் சுவர்

1

இந்தக் கதை ஒரு வாசனையிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துபாயில், அல் குசைஸில் நான் இருக்கும் கட்டடத்துக்குப் பெயின்ட் அடித்தார்கள். அன்று முழுக்க எதையோ தொலைத்துவிட்ட பதற்றம். எதை என்று தெரியவில்லை. அதனால் கார்மேகம் என்று ஒருவனை உண்டாக்கினேன்.

முதலில் எழுதிய வரி: "முசஃபாவில் அன்று வெயில் –" (வேண்டாம். அங்கே என்றைக்கு வெயில் இல்லை?)

2

அபுதாபியின் முசஃபாவில் ஒரு பழைய தொழிலாளர் கேம்பை வியாழக்கிழமை இடிக்கப்போகிறார்கள். அதில் பதினாறாம் அறையையாவது காப்பாற்ற ஒரு குழு அலைகிறது. (நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் இத்தகைய சங்கங்களுக்குப் பனி பெய்யும் ஊரும் நீண்ட மேசையும் இருக்கும். இவர்களுக்கு வாட்ஸாப்பும் வெள்ளிக்கிழமை டீயும்தான்.) வேலை முடிந்து ஊருக்கே திரும்புகிறவர்கள் அந்த அறையின் மேற்குச் சுவரில் பெயர், ஊர், ஆண்டு எழுதிவிட்டுப் போவது வழக்கம். முதல் பெயர் 1986. மொத்தம் அறுபத்தொன்று.* முதலில் வந்தவர்கள் இங்கே வாழ்ந்ததற்கு வேறு அத்தாட்சி கிடையாது.

செயலாளர் செல்வசிங், கிரேன் ஆபரேட்டர், ஒரு வருடம் நடந்து பழைய கட்டடங்களுக்கான அதிகாரியை வந்து பார்க்கச் சம்மதிக்க வைத்தார். குழுவுக்குச் செய்தி அனுப்பினார்: "திங்கள் பத்து மணிக்கு ஆபீசர் வாறார். ரூமை ரெடி பண்ணுங்க."

பெயின்டர் கார்மேகம் ரெடி பண்ணினான்.

* இந்த எண்ணை மூன்று முறை மாற்றினேன்.

3

திங்கள், ஒன்பது இருபது. செல்வசிங் கதவைத் திறந்தார்.

"ஏலே, என்னல செஞ்சு வச்சிருக்க?"

"ரெண்டு கோட்டுண்ணே. பளிச்சுனு இருக்குல்ல?"

"பேரெல்லாம் எங்கல?"

"ஆபீசர் வந்தா செவுத்துல கிறுக்கல் இருக்கக் கூடாதுல்ல..." கார்மேகம் நிறுத்தினான். "அண்ணே?"

"அவரு பாக்க வாறதே அந்தக் கிறுக்கலத்தாம்ல! உன் மச்சினன் கல்யாணத்துக்கா வெள்ளையடிச்ச?"

(இங்கே எனக்கே சந்தேகம். குழுவில் இருக்கிறவன் இப்படிச் செய்வானா? ஆனால் இருபத்திரண்டு வருடமாக, அதிகாரி வருகிறார் என்றால் சுவரை வெள்ளையாக்கு என்றுதான் எல்லா கேம்பிலும் அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அறையைத்தானே காப்பாற்றுகிறோம் என்று நினைத்துவிட்டான். செய்வான்.)

4

"பழைய செவுத்தோட போட்டோ போன்ல இருக்குண்ணே. பாத்து அப்படியே எழுதிர்றேன்."

செல்வசிங் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "முப்பத்தெட்டுதாம்ல தெரியுது. மிச்சம்?"

"மிச்சத்த நாமளே..."

கார்மேகம் முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை. இல்லாத பெயர்களை எழுதாதே என்று அவனைத் தடுக்க எனக்கு என்ன யோக்கியதை?

5

முடிவு ஒன்று: எழுதுகிறார்கள். அதிகாரி நம்புகிறார். அறை பிழைக்கிறது. பார்க்க வருகிறவர்கள் பொய்ப் பெயர்களின் முன் செல்ஃபி எடுக்க, கார்மேகம் வெளியே நிற்கிறான்.

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறார்கள். அதிகாரி வெள்ளைச் சுவரை வெகுநேரம் பார்த்துவிட்டு... (அவர் முகம் எனக்குத் தெரியவே இல்லை.)

முடிவு மூன்று: கார்மேகம் சுரண்டிப் பார்க்கிறான். புது பெயின்ட்டோடு அடியிலிருந்த மையும் உரிந்து – (இதை எழுத மாட்டேன்.)

6

வெளியே கார் நிற்கும் சத்தம். பத்து மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது.

"சொல்லிரட்டா? இல்ல எழுதுதியா?" என்றார் செல்வசிங். குரல் தாழ்ந்திருந்தது.

கார்மேகம் மார்க்கரின் மூடியைக் கழற்றியிருந்தான். முனை இன்னும் சுவரைத் தொடவில்லை.

கதவு தட்டப்படுகிறது. அவர்கள் இருவரும் அசையவில்லை. நான் இனி ஒரு வரிகூட எழுதப்போவதில்லை. கதவுக்கு மிக அருகில் இருப்பது நீங்கள்தான்.