காபி டப்பாவில் சுண்ணாம்பு

சகல ஜனங்களும் எழுந்து நின்று கேட்கவேண்டிய, இரு தேசங்களின் சரித்திரத்திலும் பொறிக்கத்தக்க செய்தி யாதெனில்: அமெரிக்க எல்லைக்குத் தெற்கே, ஒஹாகா மலையில் சான் இசித்ரோ ஊரின் எலிஹியோ ஒரு செவ்வாய்க்கிழமை காலை செத்துப்போனார், செத்தவர் படுக்க மறுத்து, அமெரிக்காவிலிருக்கும் மகளுக்குப் பயண அனுமதி வரட்டும் என்று வாசல் நாற்காலியில் பதினொரு மாதம் உட்கார்ந்திருந்தார். அந்த வருடம் சோளம் சுமார்.

மகள் ஓதிலியா நான்கு வயதில் அம்மா இடுப்பில் எல்லை தாண்டியவள். இப்போது முப்பது வயது. கலிஃபோர்னியாவில், மதேராவில், பல் மருத்துவரிடம் வேலை. மாய்ரா என்று ஏழு வயது மகள். சிறுவயதில் வந்துவிட்டவர்களைத் துரத்தாமல் இருக்க அந்த நாடு ஒரு தற்காலிகப் பாதுகாப்பு தருகிறது. இரண்டு வருடத்துக்கொருமுறை புதுப்பிக்கவேண்டும். அவளுடைய கைரேகை மாறவில்லை என்பதை அரசாங்கம் இதுவரை ஏழு முறை கண்டுபிடித்திருந்தது. வெளிநாடு போய்த் திரும்புவதற்கோ தனிக் கடிதம் வேண்டும். அம்மாவிடம் எந்தக் காகிதமும் கிடையாது. அவள் போகும் பேச்சே இல்லை.

இதயம் நின்றுவிட்டது, ஆனால் தினம் இரண்டு கோப்பை காபி குடிக்கிறார் என்று ஊர் மருத்துவர் எழுதிக்கொடுத்தார். காபி குடிப்பவர் விஷயத்தில் அவசரமில்லை என்று அமெரிக்கக் குடியேற்ற அலுவலகம் பதில் போட்டது. அவர் செத்துவிட்டார் என்று பாதிரியார் எழுதினார். செத்தவர் விஷயத்தில் இனி என்ன அவசரம் என்று பதில் வந்தது. மூன்றாம் முறை இரண்டையும் சேர்த்து அனுப்பினாள். யாரும் படிக்கவில்லை போலிருக்கிறது, அனுமதி கிடைத்தது.

“ஏண்டி, உங்கப்பன் இன்னும் நாறக்கூட இல்லடி. ஈகூட மரியாதையா தள்ளி நிக்குது. எப்ப வர்றே?” என்று ஊரிலிருந்து சோனா அத்தை போனில் கத்தினாள்.

அனுமதி பதினைந்து நாளுக்கு. ஆனால் பழைய பாதுகாப்பு ஏழாம் நாள், வெள்ளிக்கிழமை, முடிகிறது. புதுப்பிக்கும் மனு ஐந்து மாதமாகப் பரிசீலனையில் இருந்தது. “வெள்ளிக்குள்ள திரும்பிடுங்க. சனின்னா நீங்க யாரோ, அவங்க யாரோ,” என்றார் வக்கீல்.

மாய்ராவை அம்மாவிடம் விட்டுவிட்டு, சனிக்கிழமை ஊர் போய்ச் சேர்ந்தாள். “இளைச்சுட்டியேம்மா,” என்றார் எலிஹியோ. கோப்பையைக் கீழே வைத்தார், எழுந்துபோய்ப் படுத்தார். பதினொரு மாதத்து நாற்றம் அப்போதுதான் மொத்தமாக வந்தது.

ஞாயிறன்று புதைத்தார்கள். வீட்டுத் தரையில் சுண்ணாம்பால் சிலுவை போட்டு ஒன்பது நாள் ஜெபம். ஒன்பதாம் நாள் மூத்த பிள்ளை அதை அள்ளிக் கல்லறையில் கொட்டவேண்டும், இல்லையென்றால் செத்தவர் கிளம்பமாட்டார். ஓதிலியா வியாழனே புறப்படவேண்டும். அத்தை சிலுவையின் வலது கையைத் துடைப்பத்தால் கூட்டிக் காபி டப்பாவில் போட்டாள்.

“அன்னைக்கு அங்கிருந்தே உன் கையால அள்ளு. அண்ணனுக்குப் புரியும்.”

“இதோட எப்படி அத்தை ஏர்போர்ட்ல போறது?”

“சுண்ணாம்புடி! சுண்ணாம்புக்கு எவன் விசா கேப்பான்?”

அமெரிக்க விமான நிலையத்தில் டப்பாவைத் திறந்தார்கள். வெள்ளைப் பொடி. என்ன இது என்று அதிகாரி கேட்டதற்கு, இரண்டு நாள் தூங்காதவள், “எங்கப்பா” என்று சொல்லிவிட்டாள். நாய் மோந்து தும்மியது. பொடி பரிசோதனைக்குப் போனது, அவளை அங்கேயே உட்காரவைத்தார்கள். சுண்ணாம்புதான் என்ற முடிவு சனிக்கிழமை காலை வந்தது. சிரமத்துக்கு வருந்தி, டப்பாவுக்கு முத்திரை வைத்து, அதை அவள் கையில் கொடுத்து, அவளையும் டப்பாவிலிருந்த அப்பாவையும் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை, ஒன்பதாம் நாள், சிலுவையை அவளே முழுசாக அள்ளினாள். எலிஹியோ நினைத்ததைச் சாதிக்காமல் போனதில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதற்குமேல் யாரும் ஆச்சரியப்படவில்லை. வாசல் நாற்காலி காலியாக இருந்தது. ஓதிலியா அதில் உட்கார்ந்தாள். அத்தை காபி கொண்டுவந்தாள்.

பதினொரு நாள் கழித்து மதேரா வீட்டுக்குப் புதுப்பித்த அட்டை தபாலில் வந்தது. மாய்ரா அதைக் காந்தம் வைத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். இரண்டு வருடம் செல்லும்.