விற்க முடியாத வெள்ளி

கடைக்காரர் நீலத் துணியை விரித்து அதன்மேல் ஒரு வெள்ளி நாணயத்தை வைத்தார்.

"புதுசா வாங்குறவங்களுக்கு இதுதான் நல்லதும்மா. சின்னச் சின்னதா சேத்து வச்சுக்கலாம். ஒரு அவசரம்னா ஒண்ணே ஒண்ண வித்துக்கலாம். மிச்சம் அப்படியே இருக்கும்."

"விக்கிறது சுலபமா?"

"எந்தக் கடையிலயும் கண்ண மூடிட்டு வாங்கிப்பாங்க."

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையசைத்தான்.

"அப்ப இது வேணாங்க," என்றாள்.

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவள் சட்டைத் தொழிற்சாலையில் துணி வெட்டிக்கொண்டிருந்தவள். தொழிற்சாலையை மூடியபோது மொத்தமாக ஒரு தொகை கொடுத்து அனுப்பினார்கள். மகள் அடுத்த ஆண்டு நர்சிங் சேர வேண்டும். அதுவரைக்கும் அந்தப் பணம் இருந்தால் போதும். வளர வேண்டாம், இருந்தால் போதும்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். கெட்டிக்காரன், வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. போனில் பணம் வைத்துச் சீட்டாடுவான். வண்டி போயிற்று, பிரிட்ஜ் போயிற்று, அவள் காதில் கிடந்தது போயிற்று. வங்கி அட்டையின் ரகசிய எண்ணை இருமுறை மாற்றிப் பார்த்தாள். இரண்டு முறையும் அவன் குளியலறைக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து கேட்டான். உள்ளேயிருந்தபடியே சொல்லிவிட்டாள். பிறகு பணத்தை மகள் பெயரில் போட்டார்கள். மகளும் சொல்லிவிட்டாள்.

வெள்ளி அவன் சொன்ன யோசனைதான். "போன்ல இருக்கிறது பணமே இல்லடி, வெறும் நம்பர். கையில கனக்கிற மாதிரி ஏதாச்சும் வாங்கிடு. தூக்கிட்டுப் போறப்பவே எனக்குக் கூசணும்."

அதைத்தான் இப்போது கடைக்காரரிடம் விளக்க முயன்றாள். பாதி சொல்லி நிறுத்தினாள். மீதியை அவனே சொன்னான்.

"விக்க கஷ்டமா எது இருக்கோ, அதைக் குடுங்க சார். விக்கப் போறவன் நான்தான்."

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. "எத்தனையோ வருஷமா கடை நடத்துறேன், விலை போகாத சரக்கு வேணும்னு யாரும் கேட்டதில்ல. எங்க மச்சான் தொடங்கின கடைக்குப் போயிருக்கணும் நீங்க. அங்க எல்லாமே அதுதான்."

யாரும் சிரிக்காததால் அவரும் நிறுத்திக்கொண்டார். பிறகு உள்ளே போய் ஒரு கூஜாவை எடுத்து வந்தார். கொடியும் பூவுமாக வேலைப்பாடு.

"இதுக்குச் செய்கூலி ஜாஸ்தி. திருப்பிக் குடுத்தா செய்கூலி போயிடும், வெள்ளி விலைதான் கிடைக்கும். அந்த நஷ்டத்துக்குப் பயந்தே யாரும் விக்க மாட்டாங்க."

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"நஷ்டத்துக்குப் பயப்படுற ஆளா நான்?" என்றான் கணவன். கோபமாக இல்லை. நினைவுபடுத்துகிறவன் போலத்தான் சொன்னான்.

கூஜா உள்ளே போயிற்று.

"இப்பல்லாம் வீட்டுல வச்சுக்கவே வேணாம்மா. போன்லயே வெள்ளி வாங்கி..."

"போன் வேணாம்," என்றார்கள் இருவரும்.

"சரி. எதையாவது வாங்கி வங்கி லாக்கர்ல வைங்க."

"சாவி இவகிட்ட இருக்கும்," என்றான் அவன். "நான் கேட்டா குடுத்துடுவா."

அவள் மறுக்கவில்லை. மேசை விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக வந்தது ஒரு கிலோ கட்டி. பூ இல்லை, ஓரம் மழுங்கியிருந்தது, நடுவில் முத்திரையும் எண்ணும். இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். வெட்டும் மேசையில் துணி நகராமலிருக்க வைக்கும் இரும்பைப் போலிருந்தது.

"இதுல பாதிய விக்க முடியாது," என்றார் கடைக்காரர். "வித்தா முழுசாத்தான்."

கணவன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பழுதான மோட்டாரைப் பார்ப்பது போலப் பார்த்தான். "சின்னக் கடையில வாங்க மாட்டாங்க. பெரிய கடைக்குத்தான் போகணும். பில்லக் காட்டச் சொல்வாங்க. அடையாள அட்டை கேப்பாங்க."

"அப்ப கஷ்டம்தானே?"

"கஷ்டம்தான்."

"இதையே குடுங்க," என்றாள்.

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுக்கம்மா. நாணயம்னா ஒண்ணொண்ணாப் போகும். இது போனா மொத்தமாப் போயிடும்."

"ஒண்ணொண்ணாப் போறதப் பாத்தாச்சுங்க."

அவள் அட்டையைச் செருகி ரகசிய எண்ணை அழுத்தும்போது கணவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவனுக்குத் தெரிந்த எண்தான். இருந்தும் திரும்பிக்கொண்டான்.

பில் வந்தது. "இதைப் பத்திரமா வைங்க. இது இல்லாட்டி ஒரு கடையிலயும் வாங்க மாட்டாங்க," என்றார் கடைக்காரர்.

அவள் பில்லை வாசித்தாள். இரண்டாக மடித்தாள். மடிப்பில் நகத்தை ஓட்டிக் கிழித்தாள். மறுபடி மடித்து, மறுபடி கிழித்தாள். துண்டுகள் ஒரே அளவில் இருந்தன.

"என்னம்மா பண்ற!"

"இனிமே விக்க முடியாதுல்ல?"

கடைக்காரர் கணவனைப் பார்த்தார். கணவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பில் கேக்காத இடம் ஒண்ணு இருக்கு," என்றான்.

"எங்க?"

"நீ தெரிஞ்சுக்காத. உருக்கிடுவாங்க. பாதி விலைதான் தருவாங்க." துண்டுகளைப் பார்த்தபடி, "கிழிச்சிருக்க வேணாம்டி. உனக்குத்தான் நஷ்டம்," என்றான்.

கடைக்காரர் துண்டுகளைக் கூட்டிக் குப்பைக்கூடையில் போட்டார்.

"கம்ப்யூட்டர்ல இருக்கும்மா. இன்னொண்ணு எடுத்துத் தரவா?"

பில் இருந்தால் முழு விலைக்குப் போகும். இல்லாவிட்டால் பாதி விலைக்குப் போகும். எது நல்லது என்று அவள் நினைத்துப் பார்த்தாள். கணவனிடம் கேட்கலாம் என்றுகூடத் தோன்றியது. அவனுக்குத்தான் தெரியும்.

"குடுங்க," என்றாள்.

கட்டியையும் பில்லையும் தோள்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். பை ஒரு பக்கமாகத் தொங்கிற்று. வெளியே வெயிலில் கண் கூசியது. நாலடி நடந்தபின், தான் தனியாக நடப்பது தெரிந்து திரும்பினாள்.

அவன் கடை வாசலிலேயே நின்றிருந்தான். கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எழுத்தில் அன்றைய விலை ஓடிக்கொண்டிருந்தது. மேல் வரியில் கடை விற்கும் விலை. கீழ் வரியில் கடை வாங்கும் விலை. அவன் பார்வை கீழ் வரியில் இருந்தது. உதடுகள் அசைந்தன.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல." பிறகு அவனே, "கண்ணு தானாப் போகுது," என்றான். "நீ நட. நான் வர்றேன்."

அவள் நடக்கவில்லை. பையை அவன் பக்கத்துத் தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அவன் அதைக் கவனித்தான்.

"ஆமா, அப்படியே வச்சுக்க," என்றான்.

கீழ் வரியில் எண் மாறியது. அவன் முதலிலிருந்து கணக்குப் போடத் தொடங்கினான். அவள் வெயிலில் நின்று காத்திருந்தாள்.