நூற்று முப்பது

நான் பென்சிலால் எழுதியிருந்த நூற்று முப்பதின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் நூறு. இரண்டாவது தாளில் நூற்று இருபத்தைந்தை அடித்துவிட்டு நூறு. மூன்றாவதில் மறுபடியும் நூற்று முப்பது, மறுபடியும் கோடு. மொத்தம் நாற்பத்திரண்டு தாள்கள், நாற்பத்திரண்டு பெண்கள், எல்லாருக்கும் ஒரே நூறு. எங்கள் மேலதிகாரி ராமசேஷன் சார் ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிறவர். ஒன்றுகூடக் கோணவில்லை. பதினேழாவது தாளில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 417 என்று இருந்தது. அது என் அம்மா.

எங்கள் கம்பெனி வாளையார் செக்போஸ்டுக்கு அரை மைல் இந்தப் பக்கம், கோயமுத்தூர் ரோட்டில், லாரி டயர்க் கடை மாடியில் இருந்தது. பெரிய ஆலைகளுக்கும் எஸ்டேட்டுகளுக்கும் வேலையை எப்படிக் குறைந்த ஆளில் முடிக்கலாம் என்று கணக்குப் போட்டு யோசனை சொல்கிற கம்பெனி. கன்சல்டன்சி என்று போர்டில் எழுதியிருக்கும். கீழே டயர்க் கடைக்காரருக்கு நாங்கள் என்ன விற்கிறோம் என்று கடைசிவரை விளங்கவில்லை. கணக்கைக் கார்டுகளில் ஓட்டை போட்டு வைப்போம். அதற்கு இரண்டு பஞ்ச் மெஷின், போட்டது சரியா என்று பார்க்க ஒரு மெஷின். கம்ப்யூட்டர் கோயமுத்தூரில் இருந்தது. தகரப் பெட்டியில் கார்டுகளை அடுக்கி ஜீப்பில் அனுப்பினால், செக்போஸ்டில் அதைத் திறந்து பார்த்து, "லாட்டரிச் சீட்டா? இத்தனை ஓட்டை எதுக்கு?" என்று கேட்பார்கள். பக்கத்துச் சிமெண்ட் ஆலைத் தூசி கார்டில் படியக் கூடாது என்று ஜன்னலை அடைத்து ஏர்கூலர் வைத்திருந்தார்கள். மெஷினுக்காக வைத்த காற்று கொஞ்சம் எங்கள் மேலும் பட்டது.

நான் பி.எஸ்ஸி. கணிதம். சின்னக்கானல் பக்கம் எங்கள் லயத்தில், வரிசையாய்ப் பத்து வீடும் ஒரே தகரக் கூரையுமாக இருக்கிற அந்த லயத்தில், காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அதனால்தான் எங்கள் எஸ்டேட் வேலை கம்பெனிக்கு வந்ததும் சார் என்னைக் கூப்பிட்டு ஸ்டாப்வாட்சைக் கையில் கொடுத்தார். கொளுந்து எடுக்கிற பெண்கள் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ எடுக்க முடியும் என்று பார்த்து எழுதணும். அப்போது கணக்கு பதினாலு கிலோ. அதற்குக் கீழே எடுத்தால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் வேலை செய்ததாகத்தான் பதிவார்கள். அரைப்பேர் அதிகமானால் செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டிலிருந்து பெயரை எடுப்பார்கள். பெயர் போனால் லயத்து வீடும் போகும். என் அம்மாவுக்கு ஐம்பத்து நாலு வயது. ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம் கிடந்தது. இதெல்லாம் தெரிந்துதான் வாட்சை வாங்கினேன். நியாயமாக எழுத ஒரு ஆள் வேண்டும், அது நானாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவு திமிர் எனக்கு.

தேயிலைக் காட்டில் போய் நின்றபோது பனி முழுக்க விலகியிருக்கவில்லை. பெண்கள் படுதாத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு செடிவரிசையாய் நிரை பிடித்து நின்றார்கள். கழுத்தில் வாட்சும் கையில் தாள் செருகிய அட்டையுமாக என்னைப் பார்த்ததும் சுருளியம்மாள்தான் ஆரம்பித்தாள். நான் பிறந்தபோது என்னைக் குளிப்பாட்டியவள்.

"ஏட்டி, மதலேனா மவ துரை மாதிரி நிக்கா பாருங்கட்டி. கைய வெரசாப் போடுங்க. நம்ம லயத்துப் புள்ள மானத்த வாங்கிராதீக."

"யக்கா, எப்பவும் எடுக்கற மாதிரியே எடுங்க. அது போதும்," என்றேன்.

"எப்பவும் எடுக்கறது இப்பிடித்தாம்ட்டி. வாட்சு எங்கள முந்துதா, நாங்க வாட்ச முந்துதோமான்னு பாத்து எழுது."

நிரை முழுக்கச் சிரிப்பு ஓடியது. பிறகு கைகள் ஓடின. நான் பிறந்ததிலிருந்து பார்த்த கைகள், எனக்கே அடையாளம் தெரியவில்லை. யாரும் வெற்றிலை போட நிற்கவில்லை, யாரும் அட்டை கடித்த காலைக் குனிந்து பார்க்கவில்லை. என் அம்மா என்னை ஏறிட்டே பார்க்கவில்லை. நான் பக்கத்தில் போனதும், "மேடம், எம் பேரச் சரியா எழுதிக்கிடுங்க," என்றாள்.

"பேரு எழுத எடமில்லம்மா. நம்பர்தான்."

"அதும் சரிதான். முப்பது வருசமா அதான எம் பேரு."

மூன்று முறை சொன்னேன், மெதுவா எடுங்க என்று. மூன்றாவது முறை சுருளியம்மாள் கோபப்பட்டாள். "படிச்ச புள்ள பேச்சா இது? ஒம் பெரிய சாரு நாளைக்கு இந்தத் தாளப் பாத்துட்டு, இவ சனமெல்லாம் சோம்பேறின்னு ஒன்னியத்தான கேவலமா நெனப்பாரு?" வேற யாராவது வாட்சோடு வந்திருந்தால் இந்தப் பெண்கள் வேண்டுமென்றே கையை எவ்வளவு இழுத்து மெதுவாக்குவார்கள் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். என் ஒருத்திக்காக நாற்பத்திரண்டு பேர் ஓடினார்கள்.

மத்தியானம் அம்மாவுக்குத் தூக்குச்சட்டி மூடியைத் திறக்க முடியவில்லை. விரல்கள் மடங்கினபடியே நின்றுவிட்டன. நான் திறந்து கொடுத்தேன். சூடான தேயிலைத் தண்ணீர் டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, விரல் நீளுகிறவரை உட்கார்ந்திருந்தாள். வழக்கமாகப் பதினைந்து எடுப்பவள் அன்றைக்கு இருபத்திரண்டு கிலோ.

இதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி இருக்கிறது. சாதாரண வேகம் நூறு. அதைவிட வேகமாக ஒருவர் செய்தால், எவ்வளவு வேகம் என்று கணித்து நூற்றுக்கு மேல் ரேட்டிங் என்று ஒரு எண் போடணும். எடுத்த கிலோவை அந்த எண்ணால் வகுத்து நூறால் பெருக்கினால் நிஜமான கிலோ வந்துவிடும். நாற்பத்திரண்டு தாளிலும் அந்த எண்ணைப் போட்டேன். குறிப்பு என்ற இடத்தில், நேரம் பார்த்தது தெரிந்த பெண் என்பதால் வேகமாக எடுத்தார்கள், தினமும் முடியாது, என்று நாற்பத்திரண்டு முறை எழுதினேன். கணக்குப் பதினாறுக்குப் பக்கத்தில் வந்தது. பதினாறு தாங்கும். நூறு என்று போட்டால் இருபத்தொன்று.

தாள்களை எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனேன்.

"எல்லா ரேட்டிங்கையும் மாத்தியிருக்கீங்க சார்."

"மாத்தித்தானே ஆகணும்? அவா உன் மனுஷா. நீ போட்ட நம்பரை எஸ்டேட்காரன் எப்படி ஒத்துப்பான்? பட்சபாதம்னுடுவான்."

"அப்ப என்னை ஏன் சார் அனுப்பினீங்க?"

அவர் பேனாவை மூடி வைத்தார். பொய் சொல்கிற மனுஷர் இல்லை. அதுதான் இன்னும் மோசம்.

"வேற யார் வாட்சோட போனாலும் அவா கையை இழுத்துப்பா. நீ போனா இழுத்துக்க மாட்டான்னு தெரியும். அதுக்காக்கும் அனுப்பினேன். நன்னாவே நடந்தது."

"இழுத்துக்கல சார். ஓடினாங்க. குறிப்புல எழுதியிருக்கேன்."

"கார்டுல எண்பது கட்டம் இருக்கு பிலோமி. குறிப்புக்குன்னு ஒரு கட்டம் இருக்கோ?" என்றார், கோபமே இல்லாமல். "போய் அடி. அடுத்த மாசம் உன்னைப் பெர்மனண்ட் ஆக்கறதுக்கு நான் எழுதணும், கேட்டயா."

போய் அடித்தேன். ஆனால் நூறு அடிக்கவில்லை. நாற்பத்திரண்டு கார்டிலும் நான் முதலில் போட்ட எண்ணையே அடித்தேன். கோயமுத்தூர் கம்ப்யூட்டர் தாளைப் பார்க்காது, கார்டைத்தான் பார்க்கும்.

இடையில் வள்ளியாத்தாள் அக்கா இருந்தாள். சரிபார்க்கிற மெஷின் அவளுடையது. தாளைப் பார்த்து அதே எண்களை அவளும் அடிக்கணும். கார்டில் இருப்பதும் அவள் அடிப்பதும் ஒன்றானால் கார்டு நகரும், இல்லாவிட்டால் சிவப்பு விளக்கு எரிந்து மெஷின் நின்றுவிடும். முதல் கார்டிலேயே விளக்கு எரிந்தது. அக்கா தாளைப் பார்த்தாள், கார்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், அடுத்த கார்டைப் போட்டாள். மறுபடி சிவப்பு. பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஏம்புள்ள, தாள்ல நூறு. கார்டுல நூத்தி முப்பது."

"நான் போட்டதுதான்க்கா நெசம்."

"நெசமா பொய்யான்னு இந்த மெசினு கேக்குதாக்கும்? தாள்ல இருக்கறதக் கேக்குது."

"நீங்களும் நூத்தி முப்பதுன்னே அடிச்சிருங்கக்கா. லைட் எரியாது. பதினேழாவது எங்கம்மா."

அவள் பதினேழாவது தாளை எடுத்து 417ஐப் பார்த்தாள். கீழே ஒரு லாரி செக்போஸ்டுக்காக வேகத்தைக் குறைக்கிற சத்தம் கேட்டது. அது நின்று, எஞ்சின் அணைந்து, டிரைவர் கதவைச் சாத்துகிறவரை அவள் காது அங்கேயே இருந்தது.

"உனக்கு டிகிரி இருக்குது கண்ணு. இங்க போச்சுன்னா எங்காச்சும் டீச்சராப் போயிருவ. நான் எட்டாவது. எங்கூட்டுக்காரரு லாரி ஏறிப் போயி வருசம் மூணாச்சு, இன்னும் ஊடு திரும்புல. என்னைய இதுல கூட்டாத."

நாற்பத்திரண்டு கார்டையும் அடுக்கி, ஓரம் தட்டி, என் மெஷின் மேல் வைத்தாள். திட்டவில்லை. சாரிடம் சொல்லவும் இல்லை.

நான் ராஜினாமா எழுதவில்லை. எழுதினேன், கிழித்தேன் என்றுகூடச் சொல்லமாட்டேன். புதுக் கார்டு எடுத்து நாற்பத்திரண்டு நூறு அடித்தேன். அக்கா மெஷினில் ஒரு விளக்கும் எரியவில்லை.

ஜனவரியிலிருந்து இருபத்தொரு கிலோ என்று எஸ்டேட்டில் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் ஒட்டினார்கள். யூனியன்காரர் கேட்கப் போனாராம். கம்ப்யூட்டர் போட்ட கணக்கு என்று நீளத் தாளை மேசை முழுக்க விரித்துக் காட்டினார்களாம். அவர் அதை மடித்துக் கொடுத்துவிட்டு வந்தாராம். இதெல்லாம் பிப்ரவரியில் லீவுக்குப் போனபோது தெரிந்தது. பெர்மனண்ட் ஆன கடிதம் என் பையில் இருந்தது. காலையில் காட்டுக்குக் கிளம்பும் முன் அம்மா அதை வாங்கி, வாசிக்கத் தெரியாத அந்த இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொரு வரியாகத் தடவினாள். விரல் நுனியெல்லாம் வெடித்துக் கறுத்திருந்தது.

"அன்னைக்கு நாங்க வெரசா எடுத்தது ஒனக்கு ஒதவுச்சுல்ல?"

"ஒதவுச்சும்மா," என்றேன்.

பத்து மணிக்கு மேல் காட்டுப் பாதையில் போனேன். கீழ் நிரையில் சுருளியம்மாள் நிமிர்ந்து, என் கழுத்தைத்தான் முதலில் பார்த்தாள்.

"வாட்சு கொண்டாரலியா மேடம்?"

யாரும் சிரிக்கவில்லை.

"இப்ப வாட்சு இல்லாமலே இப்பிடித்தான் எடுக்கோம். இந்த வாரம் எனக்கு மூணு அரப்பேரு." சொல்லிக்கொண்டிருந்தபோதும் அவள் கை நிற்கவில்லை.

மேல் நிரையில் அம்மா. செடிக்குள் இடுப்புவரை புதைந்து, இரண்டு கையும் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தன. பிடி நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் தொங்கிய கூடையில் எறிந்தாள், மறுபடி குனிந்தாள். நான் பாதையோரமாக நின்றேன். வெறும் கையில் என் கட்டைவிரல் தானாக ஒருமுறை அமுங்கியது, வாட்சின் குமிழை அமுக்குகிற மாதிரி. அந்த நேரம் பார்த்து அம்மா நிமிர்ந்தாள். நான் நிற்பதைக் கண்டாள். கண்டதும் அவள் கை இன்னும் வேகமாகப் போயிற்று.