மருமகன் ஆற்றிய சக்கரம்

மூன்று நாள் வார்ப்பு வேலையில் என் இடுப்பு கழன்று விழும்போல் இருந்தது. மணல் அச்சுக்குள் பெரிய எஃகுப் பல்சக்கரம் இன்னும் கனன்றுகொண்டிருந்தது. நாளை வரை அதைத் தொடக் கூடாது. ஆனால் லாரி காத்திருக்கிறது என்று முதலாளியின் மருமகன் வந்து நின்றார்.

"அச்சை உடைச்சுத் தண்ணி அடிங்க."

"மெதுவா ஆறுனாதாங்க உள்ள சீரா அமையும். அவசரப்பட்டா கண்ணாடி மாதிரி உடைஞ்சிரும்."

"இரும்புக்கு ஜோசியம் பாக்காதய்யா. டீ ஆத்துனதே இல்லையா நீ?"

அச்சை உடைக்கவைத்து, அவரே குழாயைப் பிடித்தார். சக்கரம் டப்பென்று இரண்டாகப் பிளந்தது. குழாயைக் கீழே வைக்காமலே, நல்ல இரும்பை விற்றுவிட்டுக் கழிவை உருக்கியிருக்கிறேன் என்று பன்னிரண்டு பேர் முன்னால் என்னைத் திருடன் என்றார். அன்றே வேலையும் போனது.

முதலாளி அனுப்பிய உடைந்த துண்டை ஆய்வுக்கூடத்தில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இரும்பு நல்ல இரும்புதான். வேகமாகக் குளிர்ந்ததில் உள்ளே ஊசி ஊசியாக இறுகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். அதைப் படித்துப் பார்த்த முதலாளி என்னைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்.

இப்போதெல்லாம் மருமகன் என்னைப் பார்த்தால், "என்ன மாஸ்டர், சாப்பிட்டாச்சா?" என்கிறார். பன்னிரண்டு பேர் முன்னால் அவர் கேட்க வேண்டிய மன்னிப்பு மட்டும் இன்னும் பாக்கி.